இத்தாலியக் கல் பதித்த மேசைகளும் அலமாரிகளும்: பார்த்தறிய, வாங்க, பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2004 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓர் அலமாரி 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் விலை போனது. பேட்மின்டன் அலமாரி என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் மூன்றாவது பியூஃபோர்ட் டியூக் 19 வயதில் இத்தாலிக்குப் போனபோது, 1726இல், ஃப்ளாரன்ஸ் அரசப் பட்டறையில் சொல்லிச் செய்த பொருள் அது. முடிய ஆறு ஆண்டுகள் பிடித்தன. கருங்காலி உடல், தங்க முலாம் பூசிய வெண்கல வேலை, முகப்பு முழுவதும் கல்லால் ஆன பூக்களும் பறவைகளும். உயரம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். இப்போது வியன்னாவில் லீச்டென்ஸ்டைன் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கிறது.

அந்த உச்சத்துக்குக் கீழே ஒரு பெரிய உலகம் இருக்கிறது. பயணிகளுக்காகச் செய்த சிறிய வட்ட மேசை, பழைய வீடுகளிலிருந்து வரும் பலகைகள், கல்லைப் போலவே தோன்றும் சுதை வேலை, பிற்காலத்தில் ஒட்டுப்போட்டவை, நேற்று வெட்டியவை என எல்லாமே ‘பழைய இத்தாலிய மேசை’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைப் பிரித்தறியும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: மேலே இருக்கும் படத்தைக் கடைசியில் பாருங்கள். கிளியும் அல்லி மலரும் கண்ணை இழுக்கும், காலத்தைச் சொல்லாது. காலத்தைச் சொல்வது கற்களின் இணைப்பும் பலகையின் அடிப்பக்கமும்தான்.

முதல் படி: எந்த வகை என்று பிரியுங்கள்

முதலில் வருவது ரோம் நகர வேலை. 16ஆம் நூற்றாண்டில் ரோமில் பழைய இடிபாடுகளிலிருந்து எடுத்த பளிங்குகளை வெட்டி, வெள்ளைப் பளிங்குப் பட்டைகள் எல்லை கட்ட, கேடயம், வட்டம், நீள்வட்டம் போன்ற வடிவங்களில் பதித்தார்கள். நடுவில் பெரும்பாலும் ஒரு பெரிய அலபாஸ்டர் துண்டு இருக்கும். இதன் சிறந்த உதாரணம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபர்னேசே மேசை. கர்தினால் அலெஸ்ஸாண்ட்ரோ ஃபர்னேசேவுக்காகக் கட்டடக் கலைஞர் விஞ்ஞோலா வடிவமைத்தது, 1560களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஏறக்குறைய 3.8 மீட்டர் நீளம்.

இரண்டாவது ஃப்ளாரன்ஸ் வேலை. பியெத்ரா தூரா என்று பலரும் சொல்வது இதைத்தான், தொழில் செய்பவர்கள் கொம்மெஸ்ஸோ என்பார்கள். ஜாஸ்பர், அகேட், கால்சிடனி, லாபிஸ் லாசுலி போன்ற கற்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒன்றோடு ஒன்று உரசும்படி பொருத்தி ஓவியம் போல ஆக்குவது. 1588இல் முதலாம் ஃபெர்டினாண்டோ டி மெடிச்சி இதற்கென்றே அரசப் பட்டறை நிறுவினார். அதுவே பிற்காலத்தில் ஓப்பிஃபீசியோ டெல்லே பியெத்ரே தூரே ஆனது. இன்றும் ஃப்ளாரன்ஸில் இயங்குகிறது, இப்போது இத்தாலிய அரசின் பழுதுபார்ப்பு நிறுவனமாக.

மூன்றாவது ஸ்காலியோலா. இது கல்லே இல்லை. ஜிப்சத்தைச் சுட்டுத் தூளாக்கி, பசையும் நிறமியும் கலந்து பிசைந்து, பலகையில் குடைந்த பள்ளங்களில் நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்குவது. 17ஆம் நூற்றாண்டில் மோதெனாவுக்கு அருகிலுள்ள கார்ப்பி ஊர் இதற்குப் பேர்பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் வல்லொம்ப்ரோசா மடத்துத் துறவி என்ரிகோ ஹக்ஃபோர்ட் இதை ஓவிய நிலைக்கு உயர்த்தினார். ஸ்காலியோலாவைப் போலி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தனிக் கலை. இங்கிலாந்துச் செல்வந்தர்கள் ஃப்ளாரன்ஸில் சொல்லி வைத்து, காத்திருந்து வாங்கிய பொருள். அதைக் கல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

நான்காவது ரோமின் நுண்மொசைக். கண்ணாடியை உருக்கி மெல்லிய கம்பியாக இழுத்து, நறுக்கி, அந்தத் துணுக்குகளை நெருக்கமாக நட்டுப் படம் ஆக்குவது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாக்கொமோ ரஃபாயெல்லி போன்றவர்களால் வளர்ந்தது. லென்ஸ் வைத்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் இதில் குழப்பம் குறைவு. ஐந்தாவதாக மாதிரிக்கல் மேசை: பல்வேறு கற்களின் துண்டுகளைச் சதுரமாகவோ முக்கோணமாகவோ அடுக்கியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ரோமுக்கு வந்த பயணிகள் விரும்பி வாங்கினார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பதும் புதிதாகச் செய்யப்படுவதும் இந்த வகைதான்.

இரண்டாம் படி: செய்முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

அவசரப்பட்டு இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

முதலில் ஓர் ஓவியர் வண்ணத்தில் படம் வரைவார். அதைப் படி எடுத்து, ஒவ்வொரு இதழும் இலையும் இறகும் தனித்தனித் துண்டாக வரும்படி வெட்டுவார்கள். அப்புறம் கல் தேடும் வேலை. ஓர் இதழ் அடியில் கரும் சிவப்பாகவும் நுனியில் வெளிர் சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்றால், இரண்டு கற்களை ஒட்டுவதில்லை. அந்த நிற மாற்றம் இயல்பாகவே அமைந்திருக்கும் ஒரு கல்லைத் தேடி, அதில் சரியான இடத்தைக் கண்டுபிடித்து வெட்டுவார்கள். கல்லின் ரேகையும் புள்ளியும் நிழலும்தான் இங்கே வண்ணம். ஒரு நல்ல ஃப்ளாரன்ஸ் பலகையின் மதிப்பில் பெரும் பங்கு இந்தத் தேர்வில் இருக்கிறது. கை வேகமுள்ளவர்கள் பலர் இருந்திருப்பார்கள். இப்படிக் கல்லைப் பார்க்கத் தெரிந்த கண் அரிது.

தேர்ந்தெடுத்த கல் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சீவலாக இருக்கும். அதன் மேல் காகித வடிவத்தை ஒட்டி, மரக்கிளையை வளைத்துச் செய்த வில்லில் மென்மையான இரும்புக் கம்பியைக் கட்டி அறுப்பார்கள். கம்பிக்குப் பல் கிடையாது. எமரி என்ற மிகக் கடினமான கனிமத்தின் தூளைத் தண்ணீரில் குழைத்து இடையிடையே விடுவார்கள், அறுப்பது அந்தத் தூள்தான். அறுத்த பிறகு விளிம்பை அரத்தால் ராவுவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: விளிம்பு நேர்செங்குத்தாக இருக்காது, கீழ்நோக்கி லேசாக உள்ளே சரியும். அதனால் மேற்பரப்பில் இரண்டு கற்கள் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொள்ளும், அடியில் பசைக்கு இடம் கிடைக்கும். பசை என்பது தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் கலந்த கலவை. துண்டுகளை முகம் கீழே வைத்துச் சேர்த்து, பின்புறம் சிலேட்டுக் கல்லில் ஒட்டி, கடைசியில் மேலும் மேலும் நுண்மையான தூளால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

ஜாஸ்பரும் அகேட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் ஏறக்குறைய 7. பளிங்கு 3. எஃகுக் கத்தி பளிங்கில் கோடு போடும், அகேட்டில் போடாது. இவ்வளவு கடினமான கல்லைக் கம்பியாலும் தூளாலும் ரோஜா இதழாக வெட்டியிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பலகையைப் பாருங்கள். வாரக்கணக்கான உழைப்பு ஒரே பூவில் இருக்கும்.

மூன்றாம் படி: கற்களைப் பழகுங்கள்

எல்லாக் கல்லையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிலவற்றைப் பழகினால் போதும். மஞ்சள் பளிங்கான ஜல்லோ ஆந்திக்கோ துனிசியாவின் செம்தூ சுரங்கத்திலிருந்து ரோமானியர் காலத்தில் வந்தது. கரும் ஊதா நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும் போர்ஃபிரி எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துக் கல். பச்சை வெர்தே ஆந்திக்கோ கிரேக்கத்தின் தெஸ்ஸாலியிலிருந்து வந்தது. இந்தச் சுரங்கங்கள் பலவும் பழங்காலத்தோடு மூடப்பட்டுவிட்டதால், மறுமலர்ச்சிக் காலப் பட்டறைகள் ரோமானியத் தூண்களையும் தரைகளையும் உடைத்தே பயன்படுத்தின. அதனால் 16ஆம் நூற்றாண்டு ரோம் மேசையில் நீங்கள் பார்ப்பது இரண்டாம் முறை வெட்டப்பட்ட கல்.

லாபிஸ் லாசுலி ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானிலிருந்து வந்தது. உண்மையான லாபிஸில் பொன்னிறப் புள்ளிகளும் ஆங்காங்கே வெண்மையும் கலந்திருக்கும். எழுது மை கொட்டியது போல ஒரே சீரான நீலமாக இருந்தால் சாயம் ஏற்றிய கல்லாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஃப்ளாரன்ஸ் படங்களில் வானமும் பாறையும் இடிந்த நகரமும் போலத் தெரியும் பழுப்புக் கல் பியெத்ரா பயேஸீனா. அது டஸ்கனிச் சுண்ணாம்புக் கல், படம் இயற்கையாகவே அதில் அமைந்திருப்பது. பின்னணியாக வரும் கறுப்பு பெரும்பாலும் பெல்ஜியக் கறுப்புப் பளிங்கு. பச்சை வளையங்கள் கொண்ட மலக்கைட் பெரிய பரப்பில் தாராளமாக இருந்தால், அந்த வேலை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தியது.

கற்களைப் பழக ஒரு நல்ல இடம் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ரோம் நகர வழக்கறிஞர் ஃபாவுஸ்தீனோ கோர்சி சேர்த்த 1000 மெருகேற்றிய கல் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. ஃப்ளாரன்ஸ் போக முடிந்தால் ஓப்பிஃபீசியோ அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். கல் மாதிரிகளோடு பழைய வேலைப்பலகைகளையும் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். அதே ஊரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் திரிபூனா அறையின் எண்கோண மேசையையும் பாருங்கள். 1633இல் தொடங்கி 1649இல் முடிந்த வேலை.

நான்காம் படி: லென்ஸ், டார்ச், கை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு சிறிய டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டார்ச்சைப் பலகையின் மேல் படுத்தவாக்கில் வைத்து, பரப்பை உரசுவது போல ஒளி விடுங்கள். பழைய பலகை துல்லியமான சமதளமாக இருக்காது. கற்களின் கடினத்தன்மை வேறு வேறு என்பதால் தேய்மானமும் வேறு வேறு. நூற்றாண்டுகள் புழங்கிய மேசையில் பளிங்கும் லாபிஸும் மெல்லிய கீறல்களோடு சற்று மங்கியிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் அகேட்டும் ஜாஸ்பரும் கண்ணாடி போல மின்னும். இந்த ஏற்றத்தாழ்வைப் போலியாக உண்டாக்குவது மிகவும் சிரமம், அதனால்தான் இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். பரப்பு முழுவதும் ஒரே மாதிரி பளபளத்தால் அண்மையில் செய்ததாக இருக்கலாம், அல்லது முழுமையாகத் தேய்த்து மறுமெருகு போட்டிருக்கலாம். இரண்டாவது நடந்திருந்தால் பழமையான பொருள்தான், ஆனால் மதிப்பு குறையும்.

அடுத்து இணைப்பை லென்ஸில் பாருங்கள். நல்ல கைவேலையில் கோடு தலைமுடியை விட மெல்லியதாக இருக்கும், அதிலும் ஆங்காங்கே லேசாக மாறும். கணினி வழி இயங்கும் இயந்திரத்தால் வெட்டிய நவீன வேலையில் இடைவெளி எங்கும் ஒரே அகலம், அதில் ஒரே நிறப் பசை. பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து இதழ்களும் அச்சில் வார்த்தது போல ஒரே வடிவம், ஒரே நிறம் என்றால் அங்கே கல் தேர்வு நடக்கவில்லை.

ஸ்காலியோலாவை எப்படி அறிவது? நிறம் மாறும் இடத்தைப் பாருங்கள். கல்லில் ஒவ்வொரு நிறத்துக்கும் வெட்டு விளிம்பு உண்டு. ஸ்காலியோலாவில் தூரிகை இழுத்தது போன்ற மெல்லிய கோடும், ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் கரைவதும் சாத்தியம். லென்ஸில் நுண்ணிய காற்றுக் குமிழிக் குழிகள் தெரியும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: கல் சட்டென்று குளிரும், ஸ்காலியோலா அவ்வளவு குளிராது, ரெசின் என்ற செயற்கைப் பிசின் இன்னும் குளிர்ச்சி குறைவாக இருக்கும். கையிலேயே ஒரு கல் துண்டு வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் தெளிவாகத் தெரியும்.

புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் ஒருமுறை அடியுங்கள். பிற்காலப் பசைகளும் ரெசின் நிரப்பல்களும் பல நேரம் தனியாக ஒளிரும், பழுதுபார்த்த இடங்கள் வரைபடம் போலத் தெரியும். சில கற்களும் தாமாகவே ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஊசியால் கீறிப் பார்ப்பது, எலுமிச்சைச் சாறோ அமிலமோ விட்டுப் பார்ப்பது இரண்டையும் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். பளிங்கில் அமிலம் பட்ட இடம் நிரந்தரமாக மங்கிவிடும்.

ஐந்தாம் படி: அடியில் குனியுங்கள்

விற்பவர் அனுமதித்தால் பலகையை இறக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஃப்ளாரன்ஸ் கொம்மெஸ்ஸோவில் சிலேட்டுத் தாங்கு பலகை எதிர்பார்க்கலாம். பழைய பலகையில் கை உளியின் தடங்கள், ஒழுங்கற்ற தடிமன், நாள்பட்ட அழுக்கு இருக்கும். இயந்திர ரம்பத்தின் ஒரே சீரான வளைகோடுகள் இருந்தால் அந்த முதுகாவது பிற்காலத்தது. ஒட்டுப்பலகை, சிமென்ட், கண்ணாடி இழை என்றால் கேள்வி கேளுங்கள். பழைய முகத்தைப் புதிய முதுகில் மாற்றி ஒட்டியிருக்கவும் கூடும், ஈரத்தாலோ உடைப்பாலோ அப்படிச் செய்ய நேர்ந்திருக்கலாம். அப்போது ஏன், எப்போது, யார் செய்தது என்ற விவரம் வேண்டும்.

பழைய ஒட்டுச்சீட்டு, மையால் எழுதிய எண், ஏலக் கடைச் சுண்ணக்கட்டிக் குறி எதையும் துடைக்காதீர்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குப் பல நேரம் அதுவே ஒரே சாட்சி.

ஆறாம் படி: மேற்பலகையும் கால்களும் ஒரே பொருளா?

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பழமையான கல் பலகைக்கு அண்மையில் செய்த கால்கள், பழமையான கால்களுக்குப் புதுப் பலகை, வேறு வேறு நூற்றாண்டின் இரண்டையும் சேர்த்தது என எல்லாமே உண்டு. இதில் எப்போதும் ஏமாற்று நோக்கம் இருப்பதாக நினைக்க வேண்டாம். தொடக்கத்திலிருந்தே கல் ஒரு வழி, மரம் ஒரு வழி என்றுதான் பல பொருட்கள் உருவாயின. இங்கிலாந்து நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் 1644இல் ஃப்ளாரன்ஸில் தொமேனிகோ பெனோத்தி செய்த கல் சட்டங்களை, அதாவது கல்லில் படம் செய்த சிறு பலகைகளை, வாங்கினார். அவற்றைச் சுற்றி அலமாரி அமைந்தது, பின்னர் வெண்கலத் தகடுகளும் சேர்ந்தன. இன்று அது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதேபோல இத்தாலியில் வாங்கிய பலகைக்கு ஊர் திரும்பிய பிறகு உள்ளூர்த் தச்சரிடம் தாங்கி செய்வது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரணம்.

எனவே இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். மரத்தில் என்ன பார்ப்பது? உட்புறமும் பின்புறமும் பழைய உளி, இழைப்புளித் தடங்கள் வேண்டும். உளு துளைத்த ஓட்டைகள் இருந்தால் அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். வெட்டிய பரப்பில் உளுப்பாதை நீளவாக்கில் வாய் திறந்து தெரிந்தால், உளுத்த பழைய மரத்தை எடுத்து அண்மையில் அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். தங்க ரேக் ஒட்டிய கால்களில், தேய்ந்த இடத்தில் செம்மண் நிற அடிப்பூச்சு எட்டிப் பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தத் தேய்மானம் கை படும் இடத்திலும் கால் இடிக்கும் இடத்திலும்தான் இருக்க வேண்டும். எல்லா மூலையிலும் அளந்து வைத்தது போல இருந்தால் யாரோ தேய்த்தது. பலகையின் எடையைத் தாங்கிய தடம் மரத்தில் பதிந்திருக்கிறதா, பலகையின் அளவும் அந்தத் தடமும் ஒத்துப்போகிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

அலமாரிகளில் கல் சட்டங்களைச் சுற்றி யானைத் தந்தமோ ஆமையோடோ இருக்கலாம். பழமையானதாக இருந்தாலும் இவற்றை விற்பதற்கும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. விலை பேசும் முன்பே சட்ட நிலையைக் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: இப்போது படத்தைப் பாருங்கள்

இணைப்பும் அடியும் மரமும் திருப்தி தந்தபின் படத்துக்கு வரலாம். வடிவங்கள் மட்டும் என்றால் 16ஆம் நூற்றாண்டின் ரோம், அல்லது அதைப் பின்பற்றிய தொடக்க கால ஃப்ளாரன்ஸ். 17ஆம் நூற்றாண்டில் கறுப்புப் பின்னணியில் மலர்ச்சாடி, பறவை, சுருள்கொடி. 1690களில் சிற்பி ஃபொஜ்ஜீனி ஃப்ளாரன்ஸ் அரசப் பட்டறையின் தலைமைக்கு வந்தபிறகு, பழங்கள் புடைப்பாகத் துருத்தி நிற்கும் கனமான பாணி தழைத்தது. ஃப்ளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் இருக்கும், பலாத்தினேட் தேர்வாளர் என்ற ஜெர்மன் ஆட்சியாளரின் அலமாரி அதன் உச்சம். 18ஆம் நூற்றாண்டு நடுவில் ஜுசெப்பே ஸோக்கி வரைந்த மனிதர்களும் காட்சிகளும் கல்லாக மாறி வியன்னா அரண்மனைக்குப் போயின. அவருக்குப் பின் அந்தோனியோ சோச்சி சிப்பியும் பவளமும் கொண்ட மேசைகளை வடிவமைத்தார். 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1860ஐ ஒட்டி அரச ஆதரவு மறைந்தபின், தனியார் பட்டறைகள் பயணிகளுக்காகச் சிறிய வட்ட மேசைகளைச் செய்தன. கறுப்புப் பரப்பில் அல்லி, ரோஜா, முத்துமாலை என்றால் பெரும்பாலும் அவைதான். தரத்தில் அவை தாழ்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. சில மிக உயர்ந்த வேலை, புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு எட்டக்கூடியதும் அவையே.

ஃப்ளாரன்ஸ் பாணி என்பதாலேயே ஃப்ளாரன்ஸில் செய்தது ஆகிவிடாது. பிராகாவில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காகக் கஸ்த்ரூச்சி குடும்பம் நிலக்காட்சிகளைக் கல்லில் செய்தது. பதினான்காம் லூயி பாரிஸ் கோபெலான் பட்டறைக்கு இத்தாலியக் கைவினைஞர்களை வரவழைத்தார். தொமேனிகோ குச்சி அங்கே செய்த இரண்டு அலமாரிகள் இப்போது இங்கிலாந்தின் ஆனிக் கோட்டையில் இருக்கின்றன. மெடிச்சி வம்சம் 1737இல் முடிந்ததும் நேப்பிள்ஸ் அரசர் ஃப்ளாரன்ஸ் ஆட்களைக் கொண்டு தம் ஊரில் பட்டறை வைத்தார்.

நம் நாட்டில் தேடுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இங்கே ‘இத்தாலிய மேசை’ என்று காட்டப்படும் பலவும் ஆக்ரா வேலை. வேறுபாடு எளிது: ஆக்ராவில் வெள்ளைப் பளிங்குப் பரப்பைக் குடைந்து சிறு கற்களை உள்ளே பதிப்பார்கள், பரப்பின் பெரும்பகுதி அந்த வெள்ளைப் பளிங்காகவே இருக்கும். ஃப்ளாரன்ஸில் பின்னணியும் அறுத்துப் பொருத்திய துண்டுதான், பரப்பு முழுவதுமே சீவல்களின் சேர்க்கை. ஆக்ரா வேலைக்கு அதற்கே உரிய பெருமை உண்டு, அதன் பெயரிலேயே வாங்குங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் தில்லி செங்கோட்டையின் பொதுச் சபை மண்டபமான திவானி ஆமுக்குப் போங்கள். அரியணைக்குப் பின் சுவரில் கறுப்புப் பின்னணியில் பறவைகளோடு உள்ள ஃப்ளாரன்ஸ் சட்டங்கள் ஷாஜகான் காலத்தில் பதித்தவை. கிரேக்கப் புராணத்து ஓர்ஃபியூஸ் இசைக்கும் சட்டம் 1857க்குப் பின் லண்டனுக்குப் போய், வைஸ்ராய் கர்சன் காலத்தில் திரும்பி வந்தது.

எட்டாம் படி: விலையும் காகிதங்களும்

விலையைத் தீர்மானிப்பவை கல் தேர்வின் தரம், பட்டறை, அசல் நிலை, உடைமை வரலாறு. அளவு அதற்கு அப்புறம்தான். சிறிய பலகையானாலும் மாற்றப்படாத துண்டுகளோடு இருந்தால், பெரிய பலகையில் பாதி நிரப்பல் இருப்பதை விட அதுவே மேல். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பகுதி எந்தக் காலம், எங்கே பழுதுபார்த்தது, பலகையும் தாங்கியும் எப்போது சேர்ந்தன. ‘பாணி’ என்ற சொல் ரசீதில் வந்தால் நின்று யோசியுங்கள். ‘17ஆம் நூற்றாண்டு பாணி’ என்பது 17ஆம் நூற்றாண்டு என்று ஆகாது.

இத்தாலியிலிருந்து நேரடியாக வாங்கினால் ஏற்றுமதிச் சட்டம் முக்கியம். 2017இல் திருத்திய விதிப்படி 70 ஆண்டுக்கு மேற்பட்ட, 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள கலைப்பொருள் நாட்டை விட்டு வெளியேற அரசு அனுமதி தேவை. நாட்டின் பாரம்பரியத்துக்கு முக்கியம் என்று ஏற்றுமதி அலுவலகம் கருதினால் மறுக்கலாம். அனுமதி கைக்கு வரும்வரை முழுத்தொகையைக் கொடுக்காதபடி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன் கொண்ட பலகை ஏறக்குறைய 58 கிலோ இருக்கும். அதைப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் எடையாலேயே நடுவில் முறியலாம். கதவைச் சுமப்பது போல நிமிர்த்தி, நீண்ட விளிம்பு கீழே இருக்க, இருவராகச் சுமக்க வேண்டும். மேசையை நகர்த்துவதானாலும் பலகையை முதலில் தனியே எடுத்துவிடுங்கள்.

இதன் பெரிய எதிரி வெப்பம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகும். சூடான பாத்திரம், நேர் வெயில், மிக அருகில் எரியும் விளக்கு மூன்றும் பசையைத் தளர்த்தும். கறுப்புப் பரப்பு வெயிலில் வெகுவாகச் சூடேறும் என்பதால் நம் ஊர் ஜன்னலோரம் இதற்கு ஆகவே ஆகாது. அடுத்த எதிரி ஈரம். இணைப்பில் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஸ்காலியோலாவுக்கு ஈரத்துணியே கூடாது, ஜிப்சமும் பசையும் தண்ணீரைத் தாங்காது.

தினசரிக்கு மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். துணியைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எழும்பி நிற்கும் துண்டின் விளிம்பில் நூல் மாட்டினால் துண்டு பெயர்ந்து வரும். கல் பலகையில் கறை இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் தோய்த்து நன்றாகப் பிழிந்த பஞ்சால் ஒரு சிறிய இடத்தில் தொட்டு எடுத்து, உடனே உலர்த்துங்கள். வினிகர், எலுமிச்சை, குளியலறை திரவம், பாலிஷ் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கடையில் மார்பிள் தரைக்குப் போடும் இயந்திர மெருகை இதில் போட யார் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். சில மில்லிமீட்டர் சீவலில் ஒவ்வொரு தேய்ப்பும் திரும்ப வராத இழப்பு.

மாதம் ஒருமுறை விரல் நுனியால் பலகை முழுவதும் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும், பசை விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் இடங்களை ஒரு படத்தில் குறித்து வைத்தால், அது பரவுகிறதா என்று அடுத்த மாதம் தெரியும். ஏதாவது ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டால் சூப்பர் க்ளூவை நாடாதீர்கள். அது கெட்டியானால் பிரித்தெடுக்கும்போது கல்லின் விளிம்பே சிதறும், பின்னால் வரும் நிபுணருக்கு வேலை இரட்டிப்பாகும். துண்டை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஓர் உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில் விழுந்தது, எந்தப் பக்கம் மேலே என்று எழுதி வையுங்கள். துண்டின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பசைத் துணுக்கையும் சுரண்ட வேண்டாம், அதைப் பார்த்துத்தான் எந்தக் கலவையில் திருப்பி ஒட்டுவது என்று அவர் முடிவு செய்வார்.